காம்பவுண்ட் சுவரைத் தாண்டுமா கம்ப்யூட்டர்?



உங்க காலேஜ் கம்ப்யூட்டர் லேப்பை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க? நாலரை? அஞ்சு? எங்க காலேஜில் நாலேகாலுக்கே லேப் அண்ணன் சாவிக்கொத்தை ஆட்ட ஆரம்பிச்சுடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் முப்பது கீபோர்டிலும் ஒரே நேரத்தில் கன்ட்ரோல் - எஸ் விழும். பென் டிரைவைப் பிடுங்கிக்கிட்டு ஓடணும். இல்லேன்னா பஸ் போயிடும்.

என் மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன் ஸ்ரீரங்கத்தில் எங்க வீட்டுக்குப் பின் தெரு. காலையில் ரெண்டு பேரும் 1-ம் நம்பர் பஸ்ஸில் தொற்றிச் சத்திரம் வருவோம். அங்கே இறங்கி இன்னொரு பஸ். சாயந்திரம் அதே படம் ரிவர்ஸில். அவனுக்கு ஒரு டிசைன் ப்ராஜெக்ட். நடுவில் துளை போட்ட ஓர் இரும்புத் தகட்டின் மேல் லோடு ஏற்றினால் அது எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்று ஆன்சிஸ் சாஃப்ட்வேரில் பார்க்கணும். அவன் லேப்டாப்போ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 4 ஜி.பி. ரேம். மெஷ் போட ஆரம்பித்தால் ஃபேன் சத்தம் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கிளம்புற மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்தில் ஸ்கிரீன் நீலமாகிடும். ஆக, லேப்தான் கதி. லேப்பில் ஆன்சிஸ் ஓடும் மெஷின்கள் கொஞ்சம்தான். இன்டர்வெல் பெல் அடிச்சதும் ஹாஸ்டல் பசங்க ஓடிப்போய் இடம் பிடிச்சுடுவாங்க. இவன் கையில் டிபன் பாக்ஸோட நிப்பான்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பு: ‘இனி நமது கல்லூரியில் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்!’ நண்பன் முகத்தில் அன்னிக்கு ஆயிரம் வாட்ஸ் பல்பு. அது எத்தனை நாள் எரிஞ்சதுன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல, இது என்ன வஸ்துன்னு பார்த்துடுவோம்.

நம்ம முன்னாடி இருக்கிற சாதாரண பி.சி.யில் புராசஸர், ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் மேஜைக்குக் கீழே டப்பாவில் இருக்கும். வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் அந்த டப்பாவைத் தூக்கிடுவாங்க. மேஜையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கூடவே டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு பெட்டி. அதுக்குப் பேரு தின் கிளையன்ட். அதுக்குள்ள பெரிசா ஒண்ணும் கிடையாது. விண்டோஸ் ஓடுறது, சாஃப்ட்வேர் ஓடுறது, ஃபைல் சேவ் ஆகுறது எல்லாமே ஏ.சி. ரூமில் இருக்கிற ஒரு பெரிய சர்வரில். நீங்க மவுஸை அசைச்சா அந்த அசைவு மட்டும் கம்பி வழியா அங்கே போகும். அங்கிருந்து திரையில் எது மாறினதோ அந்தப் படம் மட்டும் திரும்பி வரும். அவ்வளவுதான் போக்குவரத்து. நீங்க பார்ப்பது உங்க கம்ப்யூட்டரை இல்லை பாஸ், எங்கேயோ ஓடும் ஒரு கம்ப்யூட்டரின் நேரடி ஒளிபரப்பை!

ஒரு சர்வர் எப்படி அறுபது பேருக்கு அறுபது தனித்தனி விண்டோஸ் காட்டுது? அங்கேதான் ஹைப்பர்வைசர் வருது. ஞாயித்துக்கிழமை முக்கொம்பு போயிருப்பீங்க. மேற்கே இருந்து ஒரே ஆறா வர்ற தண்ணியை அங்கேதான் காவிரி, கொள்ளிடம்னு பிரிச்சு விடுறாங்க. எந்த மதகை எவ்வளவு தூக்கணும்னு ஒருத்தர் முடிவு பண்றார். ஹைப்பர்வைசர் செய்யறது கிட்டத்தட்ட அதே வேலை. சர்வரில் வர்ற புராசஸர் நேரத்தையும் ரேமையும், ‘இவனுக்கு இவ்வளவு, அவளுக்கு இவ்வளவு’ன்னு மதகு திறந்து விடும். ஒவ்வொருத்தரும் தனக்குன்னு தனி ஆறு ஓடுறதா நினைச்சுப்பாங்க. அப்படித் தனியா கிடைக்கிற ஒவ்வொரு பங்குக்கும் பேரு வெர்ச்சுவல் மெஷின்.

(ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடலாம். மத்திய அரசின் ‘வெர்ச்சுவல் லேப்ஸ்’ வேற. அது பிரவுசரில் ஓடும் செய்முறைப் பரிசோதனைகள். ஐ.ஐ.டி.க்கள் தயாரிச்சவை. நம்ம கோயம்புத்தூர் அமிர்தாவும் அதில் உண்டு. நல்ல சமாச்சாரம்தான். ஆனா இன்னிக்கு நம்ம மேட்டர் அது இல்லை.)

இந்த ஐடியா புதுசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம தாத்தா காலத்துச் சரக்கு! 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் உபயோகிக்கும் முறையைச் செய்து காட்டியது. அப்போ கம்ப்யூட்டர்னா ஒரு ரூம் நிறைய இருக்கும், விலை கோடிகளில். ஆளுக்கொண்ணு வாங்க முடியாது. அதனால நேரத்தைப் பங்கு போட்டாங்க. டைம் ஷேரிங்.

ஆனா என் மனசைப் பிடிச்ச கதை டார்ட்மவுத் காலேஜ் கதைதான். ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்று ரெண்டு கணக்கு வாத்தியார்கள். கெமனிக்கு ஓர் ஆசை. லைப்ரரியில் எந்த ஸ்டூடண்ட் வேணும்னாலும் உள்ளே போய் அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கிறானே, அதே மாதிரி எவன் வேணும்னாலும் போய்க் கம்ப்யூட்டரைத் தொடணும். இன்ஜினீயரிங் பையன் மட்டுமில்லை, ஹிஸ்டரி படிக்கிறவனும்தான். அதுக்காகவே பேசிக் மொழியை உருவாக்கினாங்க. 1964 மே 1-ம் தேதி விடியற்காலை 4 மணிக்கு ரெண்டு டெர்மினல்களில் ஒரே நேரத்தில் புரோகிராம் ஓடியது. கூட இருந்து சிஸ்டத்தை எழுதினதில் பெரும் பங்கு அங்கே படிச்ச இளநிலை மாணவர்களுக்கு. நம்ம வயசு! அறுபது வருஷம் கழிச்சு நம்ம லேப்பில் இன்னும் ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’ போர்டு தொங்குது. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க சார்!

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி உதவியில் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய மெஷின் வந்தது. அந்தக் காலத்து மாணவர்கள் அட்டையில் ஓட்டை போட்டு, கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பாங்க. ஒரு கமா விட்டுப்போனா திரும்ப முதலில் இருந்து. அவங்ககிட்ட ‘லேப் நாலரைக்கே பூட்டிடறாங்க’ன்னு புலம்பினா சிரிப்பாங்க.

அப்புறம் பி.சி. வந்தது. ஆளுக்கொரு மெஷின் என்றானதும் பங்கு போடும் பேச்சே அடங்கிப் போச்சு. அதைத் திரும்ப எழுப்பினவங்களில் ஒரு சென்னைக் கம்பெனியும் உண்டு. பேரு நோவேடியம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும், இந்தியா வேர்ல்ட் இணையதளங்களை 1999-ல் 499 கோடி ரூபாய்க்குக் கைமாற்றிய ராஜேஷ் ஜெயினும் சேர்ந்து ஆரம்பிச்சது. 2000-களின் நடுவில் அவங்க கொண்டு வந்த ‘நோவா நெட்பிசி’யில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. வீட்டில் சின்னப் பெட்டி, மூளை எங்கேயோ சர்வரில். வைரஸ் கவலை இல்லை, ரிப்பேர் தலைவலி இல்லை. கேபிள் டி.வி. மாதிரி மாசாமாசம் பணம் கட்டினா போதும். சுமார் 100 டாலரில் வீட்டுக்கொரு கம்ப்யூட்டர் என்பது கனவு.

கேட்க அட்டகாசமா இருக்குல்ல? ஆனா பெரிசாப் பரவலை. எனக்குத் தோணுற காரணம், கம்பி. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையில் 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே அதுக்குப் பேரு பிராட்பேண்ட்! அந்த ஒல்லி ஸ்ட்ரா வழியா ஒரு முழு டெஸ்க்டாப்பை உறிஞ்சணும்னா பாவம், மூச்சு முட்டிடும். இப்போ நம்ம ஊரில் ஃபைபர் கனெக்‌ஷன் சாதாரணமா 30, 50 எம்.பி.பி.எஸ்.னு வருது. (இது டாக்டர் படிப்பு இல்லை, மெகாபிட்!) நோவேடியம் இருபது வருஷம் முந்திப் பொறந்துடுச்சுன்னு வெச்சுக்கலாம்.

கம்பி நீளம் குறைஞ்ச இடத்தில் இது ஓடத்தான் செய்தது. 2008-ல் ஆந்திராவில் என்கம்ப்யூட்டிங் என்ற கம்பெனியின் பெட்டிகளை வெச்சு 5,000 அரசுப் பள்ளிகளில் 50,000 இருக்கைகள் போட்டாங்க. சர்வர் அதே ரூமில். ஒரு பி.சி.யைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகிட்டாங்க. அதே சமயம் அமெரிக்காவில் நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி வேற மாதிரி யோசிச்சது. 2004-லேயே அங்கே ‘வெர்ச்சுவல் கம்ப்யூட்டிங் லேப்’ ஆரம்பிச்சுட்டாங்க. மாணவன் தன் ரூமிலிருந்தே ‘எனக்கு இந்த சாஃப்ட்வேர் இருக்கிற மெஷின், இத்தனை மணி நேரம்’னு புக் பண்ணலாம். சினிமா டிக்கெட் மாதிரி. அந்த சாஃப்ட்வேரைப் பின்னாடி அப்பாச்சி அமைப்பு மூலமா எல்லாருக்கும் இலவசமாத் திறந்தும் விட்டுட்டாங்க.

இந்த ரெண்டு உதாரணத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆந்திராவில் பங்கு போட்டது மெஷினை. நார்த் கரோலினாவில் திறந்து விட்டது கதவை. ரெண்டுக்கும் பேரு ஏறக்குறைய ஒண்ணுதான். உங்க காலேஜ் வாங்கப்போறது இதில் எது?

எங்க காலேஜில் வாங்கினது முதல் ரகம். நோட்டீஸ் போட்ட ரெண்டாவது மாசம் பழைய டப்பாக்கள் போய்ப் புதுப் பெட்டிகள் வந்தாச்சு. லேப் ஜில்லுனு ஆச்சு. ஆமாம், நிஜமாவே! பழைய பி.சி. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி அடுப்பு. தின் கிளையன்ட் 10, 15 வாட்டில் முடிஞ்சுடும். சித்திரை வெயிலில் திருச்சி எப்படிக் காயும்னு உங்களுக்குச் சொல்லணுமா? அந்த ஒரு காரணத்துக்காகவே பாதி பேர் கை தட்டினோம்.

திங்கள்கிழமை முதல் ஹவர். அறுபது பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஒண்ணா லாகின் தட்டினோம். அப்படியே நின்னுது. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. சார் முகத்தில் வியர்வை. இதுக்கு டெக்னிக்கல் பேரே இருக்கு: பூட் ஸ்டார்ம். ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு ஈஸியாப் புரியும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு விடியலுக்கு முன்னாடி பரமபத வாசல் திறக்கிற அந்த நிமிஷத்தை நினைச்சுக்கோங்க. வருஷம் பூரா காலியா நடக்கிற பிராகாரம்தான். ஆனா அத்தனை பேரும் அதே நிமிஷத்தில் உள்ளே நுழையணும்னா? சர்வர் சராசரி நேரத்தைத் தாங்கும். காலை ஒன்பது மணியைத் தாங்காது. விவரம் தெரிஞ்சவங்க காலை எட்டரைக்கே எல்லா வெர்ச்சுவல் மெஷினையும் தானா எழுப்பி விட்டுடுவாங்க. வேகமான எஸ்.எஸ்.டி. போடுவாங்க. எங்க காலேஜில் அதைக் கத்துக்க மூணு திங்கள்கிழமை ஆச்சு.

கணக்கு ரொம்ப சிம்பிள். தலைக்கு 4 ஜி.பி. ரேம்னு வெச்சாலும் அறுபது பேருக்கு 240 ஜி.பி. ஆன்சிஸ், சாலிட்வொர்க்ஸ் மாதிரி ஆட்களுக்கு 4 ஜி.பி. காபி குடிக்கக்கூடக் காணாது, எட்டாவது வேணும். அப்போ 480. முப்பரிமாணத்தில் ஒரு பார்ட்டைச் சுழற்றிப் பார்க்கணும்னா கிராஃபிக்ஸ் கார்டையும் பங்கு போடணும். அதுக்கு விலை தனி, லைசென்ஸ் தனி. ‘செலவு பாதியாக் குறையும்’னு யாராவது சொன்னா ஒரு பேப்பர் பேனாவோட உட்காருங்க. பெட்டியில் மிச்சம் பிடிச்சது சர்வரிலும், யு.பி.எஸ்.ஸிலும், ஏ.சி.யிலும் போயிடும். விண்டோஸை இப்படி சர்வரில் ஓட்டறதுக்கு மைக்ரோசாஃப்ட் தனி லைசென்ஸ் கேட்கும். அதை நிறைய பேர் பட்ஜெட்டில் எழுதவே மறந்துடறாங்க. என்னைக் கேட்டா, காசு மிச்சம்ங்கிற காரணத்துக்காக இதுக்குள்ள இறங்கவே கூடாது.

அடுத்த கூத்து என் தலையில். ரெக்கார்டுக்கு எடுத்த அவுட்புட் எல்லாத்தையும் வழக்கம் போல டெஸ்க்டாப்பிலேயே சேவ் பண்ணிட்டுப் போனேன். மறுநாள் வந்தா பளிச்னு காலி! ஒரு ஃபைல் இல்லை. லேப் அண்ணன்கிட்ட ஓடினேன்.

“அண்ணே, நேத்து வெச்சது எதுவுமே இல்லண்ணே!”

“டெஸ்க்டாப்புல வெச்சியா? அது ராத்திரியே போயிருக்கும் தம்பி. ஹெச் டிரைவ்ல வெக்கணும்னு சுவத்துல ஒட்டியிருக்கேன்ல, படிக்க மாட்டீங்களா?”

விஷயம் இதுதான். நிறைய இடங்களில் லாக் அவுட் பண்ணினதும் அந்த மெஷினையே கலைச்சுட்டு, அச்சில் இருந்து புதுசு வார்த்துடுவாங்க. எங்க தெருவில் விடிகாலையில் நேத்துக் கோலத்தைக் கூட்டித் தள்ளி, தண்ணி தெளிச்சுப் புதுக் கோலம் போடுற மாதிரி. வைரஸ் வந்தாலும் அன்னிக்கோட போச்சு. எவனோ வால்பேப்பரில் ஹீரோயின் படம் வெச்சாலும் போச்சு. லேப் நடத்துறவங்களுக்கு இது வரப்பிரசாதம். நமக்கு, எங்கே சேவ் பண்றோம்னு கவனம் இல்லாட்டி ஆப்பு. ரெண்டு நாள் உட்கார்ந்து மறுபடி எடுத்தேன்.

அடுத்து, எனக்கு நிஜமாவே பயம் தருகிற விஷயம். பழைய லேப்பில் ஒரு பி.சி. படுத்தால் ஒருத்தன் எழுந்து அடுத்த பி.சி.க்குப் போவான். இப்போ சர்வர் படுத்தால் லேப்பே படுத்துடும். முக்கொம்பையே எடுத்துக்கோங்க. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடத்து மேலணையில் 9 மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? 1830-களில் கட்டினது, அத்தனை வருஷம் நின்னது, ஒரே ராத்திரி. எல்லாத் தண்ணியும் ஓர் இடத்தில் பிரியுதுன்னா அந்த இடத்தைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கணும். அதனால ஒரு சர்வர் போதுமான இடத்தில் ரெண்டு வைக்கணும். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்கணும். முக்கியமா, செமஸ்டர் பிராக்டிகல் அன்னிக்கு அந்த ரெண்டாவது நிஜமாவே எடுத்துக்குதான்னு ஒரு லீவு நாளில் முதல் சர்வரை அணைச்சுப் பார்த்திருக்கணும். ‘பேக்கப் இருக்கு’ன்னு சொல்றதும் பேக்கப் எழுந்திருக்கிறதும் வேற வேற.

அப்போ எதுக்குடா இந்த வம்புன்னு கேக்குறீங்களா? இருக்கு, காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 போடணும்னா டி.பி.எம். 2.0 சிப் வேணும், இன்டெல்லில் எட்டாவது தலைமுறைக்குக் கீழே இருந்தா ஏற்காது. எத்தனை காலேஜ் லேப்களில் நாலாவது, ஆறாவது தலைமுறை மெஷின்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டு ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். அத்தனையையும் காயலான் கடைக்கு அனுப்பாம, லினக்ஸ் போட்டு வெறும் ஜன்னலா மாத்திடலாம். பார்க்கிறது அந்த ஜன்னல் வழியா, ஓடுறது சர்வரில். புதுப் பெட்டியே வாங்க வேண்டாம்.

சர்வர் பக்கத்திலும் ஒரு சேதி. இந்தத் துறையில் பெரிய தலை வி.எம்.வேர். அதை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிச்சு. அடுத்த மாசமே, ஒரு தடவை வாங்கினா எப்பவும் நம்மளோடதுங்கிற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திட்டு, எல்லாமே சந்தான்னு மாத்திடுச்சு. 2024-ல் டெஸ்க்டாப் பிரிவைப் பிரிச்சு வித்தாங்க; அதுக்கு இப்போ ஓம்னிசா என்று பேரு. ஒரே கம்பெனியை நம்பி லேப் முழுசையும் கட்டினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. இன்னொரு பக்கம், கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் 2007-லிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கு. இலவசம். கத்துக்கிட்டா வேலையும் கிடைக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுற சி.எஸ்.ஈ. மக்களே, காதுல விழுதா?

சரி, நண்பன் முகத்தில் எரிஞ்ச பல்பு என்னாச்சு?

அணைஞ்சு போச்சு. சர்வர் ஆன்சிஸை அருமையா ஓட்டுச்சு. அவன் ப்ராஜெக்ட் லேப்பில் அரை மணியில் முடிஞ்சுது. ஆனா அது லேப்பில் மட்டும்தான்! சர்வர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுது. ராத்திரி பூரா ஏ.சி.யும் ஓடுது. நாலரைக்கு மேல அதைத் தொட ஆளில்லை. ஹாஸ்டல் பசங்களுக்காவது கேம்பஸ் வைஃபை உண்டு, கட்டிலில் படுத்துக்கிட்டே லாகின் பண்ணினாங்க. காவிரிப் பாலத்தைத் தாண்டினவனுக்குக் கதவு சாத்தியாச்சு. கம்ப்யூட்டரை மேஜையிலிருந்து பிரிச்ச டெக்னாலஜியைக் கொண்டு வந்து, அதைக் காம்பவுண்ட் சுவரில் கட்டிப் போட்டுட்டாங்க.

துவாக்குடி என்.ஐ.டி.யில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2022 மே மாசம் தொடங்கி இருக்கு. 838 டெராஃப்ளாப்ஸ். அது முன்னாடி யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்யறதில்லை. தன் இடத்திலிருந்து லாகின் பண்ணி, வேலையைக் கொடுத்துட்டு, ரிசல்ட்டை வாங்கிக்குவாங்க. அவ்வளவு பெரிய மெஷினுக்கு அது சரின்னா, தகட்டில் துளை போடுற ப்ராஜெக்ட்டுக்கு ஏன் நாற்காலி?

துறைத் தலைவர் சாரிடம் போனோம். நல்ல மனுஷர், உட்கார வெச்சுப் பேசினார்.

“வெளியே திறந்து விட்டா எவனாவது உள்ள பூந்துட்டான்னா யார்ப்பா பதில் சொல்றது?”

சார் சொன்னதில் நியாயம் இருக்கு. ரிமோட் டெஸ்க்டாப் கதவை நேரா இன்டர்நெட்டில் திறந்து வைக்கிறது, வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தேருக்குப் போற மாதிரி. ரேன்சம்வேர் கும்பல்கள் அந்தக் கதவைத்தான் தேடிக்கிட்டு அலையும். ஆனா அதுக்குப் பூட்டு இருக்கே! வி.பி.என். வழியா மட்டும் வரலாம், பாஸ்வேர்டோட ஓ.டி.பி.யும் கேட்கலாம். லைசென்ஸ்தான் இன்னும் நுணுக்கம். சில அகாடமிக் லைசென்ஸில் கேம்பஸுக்குள் மட்டும்னு நிபந்தனை இருக்கும், சிலதில் இருக்காது. அதைப் படிச்சுப் பார்க்காம ‘முடியாது’ன்னும் சொல்லக்கூடாது, ‘முடியும்’னும் சொல்லக்கூடாது. இன்னொண்ணு: மேட்லாப் மாதிரி சிலதுக்குக் காலேஜ் முழுசுக்குமான லைசென்ஸ் வாங்கியிருந்தா, நம்ம சொந்த லேப்டாப்பிலேயே சட்டப்படி போட்டுக்கலாம். உங்க காலேஜில் அது இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க. இருந்தும் தெரியாம கிராக் வெர்ஷன் தேடி வைரஸ் வாங்கினவங்களை எனக்குத் தெரியும். (அதில் ஒருத்தன் நான். ஹி... ஹி...)

2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட்னு அறிவிச்சாங்க. 2011-ல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டமும் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. சாதாரண லேப்டாப்பில் கனமான இன்ஜினீயரிங் சாஃப்ட்வேர் திணறும். ஆனா ஒரு ஜன்னலா அது தாராளமா உழைக்கும். இலவச லேப்டாப் கையில், காலேஜ் சர்வர் மறுமுனையில்! ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத்தான் ஆள் வேணும்.

வெளியிலிருந்து நிஜமாவே சரியா ஓடுமான்னு நாங்களே சோதிச்சோம். எங்க வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு, எக்ஸ்.ஆர்.டி.பி. ஏத்தி, டெயில்ஸ்கேல் என்ற இலவச வி.பி.என்.னில் மாட்டினோம். அப்புறம் நண்பன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அம்மா மண்டபம் படித்துறை. மொபைல் ஹாட்ஸ்பாட். டைப் அடிக்கிறது ஜம்முனு இருந்தது. ஸ்பிரெட் ஷீட் ஓகே. யூடியூப் போட்டா ஸ்லைடு ஷோ. படம் சுழற்றினா மவுஸ் ஒரு பக்கம், மாடல் ஒரு பக்கம். பஸ்ஸில் ஏறிப் பாலத்தில் போகும்போது சுத்தமா நின்னுடுச்சு. இங்கே வேகத்தைவிடத் தாமதம்தான் வில்லன். ஒரு க்ளிக் போய் வர 50 மில்லி செகண்டுக்குள் இருந்தா கைக்கு வித்தியாசம் தெரியலை. 150-ஐத் தாண்டினா எரிச்சல் வருது. வீட்டு ஃபைபரில் பிரச்னையே இல்லை. மெஷ் போட்டு சால்வ் அழுத்திட்டு லேப்டாப்பை மூடிட்டுக்கூடப் போகலாம். அது அங்கே ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

இதையெல்லாம் ரெண்டு பக்கம் எழுதி, டே ஸ்காலர் பசங்க, பொண்ணுங்க கையெழுத்தோட சாரிடம் கொடுத்தோம். மூணு வாரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் லேப் அண்ணன்தான் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மாசம் டிரையல், பத்து லாகின், சாயந்திரம் ஆறு முதல் ராத்திரி பதினொண்ணு வரைக்கும், ஆன்சிஸ் லைசென்ஸ் நிபந்தனையை சாரே உட்கார்ந்து படிச்சுட்டாராம்.

முதல் நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு எனக்குப் போன்.

“மாப்ள, தூங்கிட்டியா?”

“சொல்லுடா.”

“துளை ஓரத்துலதான்டா விரிசல் விடுது. நான் நடுவுலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். துளையைக் கொஞ்சம் தள்ளி வெச்சு இன்னொரு தடவை ஓட்டிப் பாக்குறேன். இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்குல்ல?”